ஜெபமாலையும் ஒற்றும்: கிப்ளிங்கின் ‘கிம்’ பற்றி ஒரு திறனாய்வு

ருட்யார்ட் கிப்ளிங் இயற்றிய ‘கிம்’ என்னும் நாவல் 1901-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. இந்தியாவின் வட எல்லைகளில் ஆங்கிலேய அரசும் ருஷ்யப் பேரரசும் ஒன்றையொன்று வேவு பார்த்துவந்த காலத்தைச் சித்திரிக்கும் நூல் இது. இதனைச் சிறுவர்க்கான வீரக்கதை என்பர் சிலர். ஏகாதிபத்தியத்திற்குச் சூட்டிய புகழ்மாலை என்பர் வேறு சிலர். இவ்விரு தீர்ப்புகளும் நூலின் உள்ளத்தைத் தொடவில்லை என்பது நமது கருத்து. துறவியின் கோலத்தையும், அக்கோலத்தை நம்பி மக்கள் திறக்கும் கதவுகளையும் ஓர் அரசு தன் கருவியாக்கிக்கொள்ளும்போது நேர்வது என்ன? இதுவே நாவலின் நடுவில் நிற்கும் வினா. ஆசிரியர் அவ்வினாவை எழுப்புகிறார். ஆயின் அதை இறுதிவரை எதிர்கொள்ளாமல் விலகிச் சென்றுவிடுகிறார்.

கதையின் போக்கு

கிம், ஐரிஷ் போர்வீரன் ஒருவனுக்குப் பிறந்து லாகூர்த் தெருக்களில் வளர்ந்த அநாதைச் சிறுவன். லாகூர் அருங்காட்சியகத்தின் வாயிலில் திபெத்தினின்று வந்த முதிய லாமா ஒருவரைக் காண்கிறான். புத்தர் எய்த அம்பு விழுந்த இடத்தில் ஊற்றெடுத்ததும், மூழ்குவோரின் பாவத்தைப் போக்குவதுமான ஓர் ஆற்றைத் தேடி வந்தவர் அவர். கிம் அவருக்குச் சீடனாகிறான். அதே வேளையில் மஹ்பூப் அலி என்னும் குதிரை வணிகர் தந்த இரகசியச் செய்தியை அம்பாலாவிலுள்ள கர்னல் கிரெய்ட்டனிடம் சேர்ப்பிக்கவும் உடன்படுகிறான். முதல் நாள் தொட்டே சீடத்துவமும் ஒற்றும் ஒரே பாதையில் நடக்கின்றன.

வழியில் ஒரு படைப்பிரிவின் பாளயத்தில் கிம் பிடிபடுகிறான். அங்கே இரு குருமார் உள்ளனர்: ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த பென்னெட், கத்தோலிக்கரான தந்தை விக்டர். பென்னெட்டின் கண்ணுக்கு லாமா ஓர் அஞ்ஞானி மட்டுமே. தந்தை விக்டரோ அம்முதியவரின் துயரை ஓரளவு உணர்கிறார். சிறுவனுக்குச் சிறந்த கல்வி அளிக்க என்ன செலவாகும் என்று லாமா கேட்டறிகிறார். பின்னர் ஆண்டுக்கு 300 ரூபாய் அனுப்பவும் செய்கிறார். அப்பணத்தால் லக்னோ நகரில் பயின்ற கிம்மை அரசு ஒற்றனாகப் பழக்குகிறது. சீடன்மேல் குரு வைத்த அன்பே அரசின் ஒற்றனுக்குக் கல்விச் செலவாயிற்று. இம்முரணைக் கிப்ளிங் அறிந்தே அமைத்திருக்கிறார். எனினும் அதைப் புன்னகையோடு கடந்துவிடுகிறார்.

மணிகளின் கணக்கு

நாவலில் ஒரு சிறு செய்தி நம் கருத்தை ஈர்க்கிறது. நில அளவைச் சங்கிலியை வெளிப்படையாக எடுத்துச் செல்ல இயலாத ஒற்றன், தன் அடிகளை எண்ணுதற்கு ஜெபமாலையைப் பயன்படுத்தக் கற்கிறான். இது கற்பனையன்று. கேப்டன் மான்ட்கோமரி வகுத்த திட்டத்தின்படி, குமாவோன் மலைநாட்டைச் சார்ந்த பள்ளியாசிரியர் நயின் சிங் ராவத் 1865-இல் புறப்பட்டு, 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். ஒவ்வோர் அடியும் ஒரே அளவாக நடக்கப் பழகியிருந்தார். பௌத்தரின் மாலையில் 108 மணிகள் இருக்க, அவர் ஏந்திய மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்பட்டது. மந்திரச் சுருள் இருக்க வேண்டிய ஜெபச் சக்கரத்தினுள் அளவைக் குறிப்புகள் இருந்தன. அவருடைய அருஞ்செயலைப் பாராட்டி இலண்டன் அரச புவியியல் கழகம் 1877-இல் தங்கப் பதக்கம் அளித்தது.

நயின் சிங்கின் துணிவையும் பொறுமையையும் நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் நாவலாசிரியர் செய்த ஒரு மாற்றம் கருதத்தக்கது. கிம் பயிலும் மாலையில் 81 அல்லது 108 மணிகள் உள்ளன. வரலாறு மாலையினின்று எட்டு மணிகளைக் கழற்றியது. நாவலோ மாலையைக் குலையாமல் காட்டுகிறது. பக்தியைச் சிதைக்காமலே அதைக் கருவியாக்கலாம் என்று கிப்ளிங் நம்ப விரும்பினார் போலும்.

நாவல் சொல்லாத விருந்தளித்தவர்

கதையில் வரும் ஹரி சந்தர் முகர்ஜி என்னும் வங்காளி ஒற்றருக்குச் சரத் சந்திர தாஸ் முன்மாதிரி என்பது பலருடைய கருத்து. தார்ஜிலிங்கில் பள்ளித் தலைமையாசிரியராயிருந்த தாஸ், 1879-இல் திபெத்தின் தஷிலுன்போ மடத்திற்குச் சென்றார். அனுமதிச் சீட்டு கிடைத்த வழியைக் கவனியுங்கள்: அம்மடத்தில் இறையியல் மாணவராக அவர் பெயர் பதிவு செய்யப்பட்டது! மேனாட்டு அறிவில் ஆவல் மிக்க செங்சென் லாமா அவரை அன்போடு ஏற்றார். இரண்டாம் பயணத்தில் தாஸ் 1882-இல் லாசாவையும் கண்டார்.

தாஸ் வெறும் வேவுகாரர் அல்லர். 1902-இல் வெளிவந்த அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி உண்மையான புலமையின் கனி. ஆனால் அவர் திரும்பிய பின்னர் அவருடைய பணி இன்னதென்று லாசா அரசு அறிந்துகொண்டது. 1887-இல் செங்சென் லாமா ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அவருடைய மறுபிறப்பு என எவரையும் ஏற்கலாகாது என்ற தடையும் விதிக்கப்பட்டது. அவரோடு தொடர்புடையோரும் தண்டனைக்குள்ளாயினர். தாஸோ பட்டமும் சிறப்பும் பெற்று, தார்ஜிலிங்கில் ‘லாசா வில்லா’ எனப் பெயரிட்ட இல்லத்தில் வாழ்ந்து, 1917-இல் மறைந்தார்.

யோசுவாவின் நூலில் எரிகோவை வேவு பார்க்கச் சென்ற இருவரை ராகாப் மறைத்து வைத்தாள் என்பது நாம் அறிந்ததே. போர்க் கதையாயினும் அங்கே ஓர் ஆணை உண்டு. நகரம் வீழ்ந்த நாளில் அவ்வாணை காக்கப்பட்டது. செங்சென் லாமாவுக்கோ சிவப்புக் கயிறு கட்டுவதற்கு ஒரு ஜன்னலும் இல்லை. கிப்ளிங்கின் நாவலில் விருந்தளித்த எவரும் இவ்வாறு மடிவதில்லை. ருஷ்ய ஒற்றன் லாமாவை அடிக்கிறான், அவருடைய படத்தைக் கிழிக்கிறான். ஆனால் கொடுமை முற்றிலும் அயலான் கையிலேயே வைக்கப்படுகிறது. நாவல் வெளிவந்து மூன்றாண்டு கழிவதற்குள், 1904 மார்ச் 31-இல், யங்ஹஸ்பண்டின் படை குரு என்னுமிடத்தில் பழைய துப்பாக்கிகள் ஏந்தி நின்ற திபெத்தியரில் பல நூற்றுவரைச் சுட்டு வீழ்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அப்படை லாசாவுக்குள் நுழைந்தது.

அறிக்கையிடப்படாத பாவம்

எட்வர்ட் ஸயீத் 1993-இல் வெளியிட்ட நூலில், கிம்மின் உள்ளத்தில் போராட்டம் இல்லாமைக்குக் காரணம் கூறினார்: ஆங்கிலேய ஆட்சியை எதிர்க்கும் நியாயம் ஒன்று உண்டென்று கிப்ளிங் கருதவேயில்லை என்பது அவர் வாதம். இது சரியே, ஆயினும் போதாது. கிம் முன் நின்ற தெரிவு, நாட்டுக்கும் அரசுக்கும் இடையே மட்டும் அன்று. குருவுக்கும் அரசுக்கும் இடையே.

இறுதிப் பகுதியில் கிம் லாமாவின் காலடியில் அழுகிறான். உம்மை மிகுதியாக நடத்திவிட்டேன், நல்ல உணவு தேடித் தரவில்லை, வெயிலைக் கருதவில்லை, தனியே விட்டுப் போனேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருந்துகிறான். ஒற்றரிடமிருந்து கைப்பற்றித் தன்னிடம் மறைத்து வைத்துள்ள காகிதங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. அடிபட்ட லாமாவோ, கணநேரம் தம்முள் எழுந்த சினத்திற்காக மனம் நொந்து நோயுறுகிறார். குற்றமற்றவர் மனந்திரும்புகிறார், குற்றமுடையோர் பாராட்டப் பெறுகின்றனர். தம் யாத்திரை எதற்குப் பயன்பட்டது என்பதை லாமா கடைசிவரை அறியவேயில்லை. அவர் அறிந்திருந்தால் இந்நாவல் வேறு நூலாயிருக்கும். நாம் கருதுமளவில், இதனினும் பெரிய நூலாயிருக்கும்.

துறவி வேடம் ஒற்றனுக்கு உரியது என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒப்புகிறார். அவரே கூடாவொழுக்கத்தில், தவக்கோலத்தில் மறைந்து தீமை செய்வோனைப் புதரில் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு ஒப்பிடுகிறார். அரசியலில் இசைந்ததைத் துறவறத்தில் அவர் மன்னிக்கவில்லை. கிப்ளிங்கோ இவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இடையே உள்ள பிளவைக் காண மறுத்தார்.

இக்குறையிருந்தும் இந்நூலை நாம் பரிந்துரைக்கிறோம். அயல் சமயத் துறவியின் தூய்மையை இத்துணை அன்போடு தீட்டிய ஆங்கில நாவல்கள் மிகச் சில. அன்றியும், எல்லைப்புறத்து ஒற்றருக்கு மட்டும் உரிய சோதனையன்று இது. நம் அங்கியைக் கண்டு நோயாளியின் அறை திறக்கிறது. குடும்பத்தின் இரகசியம் நம் செவிக்கு வருகிறது. அங்ஙனம் கேட்டது, சபைத் தேர்தலிலோ நிர்வாகக் குழுவிலோ எவருக்கேனும் பயன்படும் செய்தியாக மாறுமாயின், நம் கையிலுள்ள மாலையிலும் எட்டு மணிகள் குறைந்துவிட்டன என்றே பொருள். திறந்த கதவுக்குள் நுழைந்தோர், கதவைத் திறந்தவரின் உயிருக்கும் மானத்துக்கும் பொறுப்பாளிகள்.