நரம்பு மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

“கால் எரியுது, மதமதன்னு இருக்கு” என்று சர்க்கரை நோயாளி சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது ‘நரம்பு மாத்திரை’. அட்டையைத் திருப்பிப் படித்தால் மெத்தில்கோபாலமின் (பி12), ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், ஃபோலிக் அமிலம், பைரிடாக்சின் (பி6) என்று பட்டியல் நீள்கிறது. வைட்டமின்தானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கையில் அது வருடக்கணக்கில் தொடர்கிறது. அந்த நம்பிக்கையில் பாதிக்குத்தான் ஆதாரம் உண்டு.

ஆதாரம் உள்ள பாதி, சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைச் சார்ந்தது. சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை இந்த மருந்து குறைக்கிறது. நெதர்லாந்தில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 390 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், நான்கு வருடத்துக்குச் சற்று அதிகமாக மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு 19 சதவீதம் குறைந்திருந்தது. பி12 குறைபாடு இந்த மருந்தால் பரவலாக வரக்கூடிய பக்கவிளைவு என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவித்தது. மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாகத்தான் பி12 நமக்குக் கிடைக்கிறது. சைவம் சாப்பிட்டு, பாலையும் குறைத்துக்கொண்டவருக்கு வரவு, உறிஞ்சுதல் இரண்டுமே குறைவு.

இதில் அஞ்ச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பி12 குறைவால் வரும் மதமதப்பையும் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பையும் அறிகுறியை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். ‘எல்லாம் சுகரால்தான்’ என்று விட்டுவிட்டால், சரிசெய்திருக்கக்கூடிய சேதம் நிரந்தரமாகிவிடும். குறைவு உறுதியானவருக்கு பி12 அவசியமான சிகிச்சை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அதே அட்டை எல்லோருக்கும் போகிறது. கனடாவில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு தினமும் ஃபோலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் கொடுத்தார்கள். சிறுநீரகத்துக்கு நல்லது செய்யும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தது, ஆனால் வைட்டமின் எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகச் செயல்பாடு வேகமாகச் சரிந்தது; மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அவர்களிடமே அதிகம். 2010இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைக்கூடப் பார்க்காமல் பி வைட்டமின் கலவையைக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் பைரிடாக்சினே நரம்பைக் கெடுக்கும். பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை தேறியதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

மற்றவை பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் அமெரிக்காவில் தினம் 4,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. செலீனியம் இன்னும் மோசம். தோல் புற்றுநோயைத் தடுக்கத் தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்கு சர்க்கரை நோய் அதிகமாக வந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. முடி உதிர்வுக்கு எடுக்கும் பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும். சர்க்கரையோடு தைராய்டும் உள்ளவர்கள் ஆய்வகத்தில் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல் தெளிவானது: குறைபாடு இல்லாதவருக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைக்க வைட்டமினைப் பரிந்துரைக்க வேண்டாம், மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அவ்வப்போது பி12 அளவைப் பார்க்கவும். நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மாத்திரை முதலில் வருகிறது, பரிசோதனை வருவதே இல்லை. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், வலியோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராது என்பது புரிகிறது. ஆனாலும் வரிசை முக்கியம். மாத்திரையைத் தொடங்கிய பிறகு ரத்தத்தில் பி12 ஏறிவிடும். முதலில் குறைவு இருந்ததா என்பதை அப்புறம் கண்டுபிடிப்பது கடினம். வருடம் முழுக்க அட்டை அட்டையாக வாங்கும் செலவில் ஒரு பகுதி போதும், அந்தப் பரிசோதனைக்கு.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மெட்ஃபார்மினை நான்கைந்து வருடமாக விழுங்குகிறவர்களின் பி12 அளவும் அந்தக் கவனிப்பில் சேர வேண்டும். பி12 குறைய வாய்ப்பு அதிகமுள்ள சைவர்கள், முதியவர்கள், அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல் நெடுநாள் எடுப்பவர்கள் ஆகியோரிடம் இதை முதலில் தொடங்கலாம்.