டப்பாவுக்குள் மடித்த தாள்

பல்லடம் வழியே போகும் கோவை–திருச்சி சாலையில் இரவெல்லாம் கறிக்கோழி வண்டிகளும் நூல் ஏற்றிய லாரிகளும் ஓடுகின்றன. அவற்றின் என்ஜின் தேயாமல் காப்பதில் ஒரு சிறு தகர டப்பாவுக்குப் பெரும்பங்கு உண்டு: ஆயில் ஃபில்டர்.

அதன் வாயைப் பாருங்கள். சுற்றிலும் சிறு துளைகள், நடுவே மரையிட்ட பெரிய துளை. ஓரத் துளைகளில் நுழையும் ஆயில், சேலைக் கொசுவம்போல் மடித்த தாளைக் கடந்து நடுத்துளையால் வெளியேறும். மடிப்பதால் சின்ன டப்பாவுக்குள் பெரும்பரப்பு அடங்குகிறது. இரும்புத்துகளும் கசடும் தாளில் நின்றுவிடும். வண்டி நின்றபின் ஆயில் வடிந்துவிடாமல் ஒரு ரப்பர் வால்வு தடுக்கும். தாள் அடைத்துக்கொண்டால் இன்னொரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பும். அழுக்கு ஆயில் மெல்லத்தான் தேய்க்கும். ஆயிலே வராவிட்டால் பேரிங் சீக்கிரமே போய்விடும். இந்த முன்யோசனைதான் எனக்கு மிகப் பிடித்தது.

எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் 1923இல் அமெரிக்காவில் கார்களுக்கான ஆயில் ஃபில்டரை உருவாக்கினார். டப்பாவோடு கழற்றி மாட்டும் வகை 1950களில் பரவியது. கார்ட்ரிட்ஜ் வகையில் உள்ளிருக்கும் தாளை மட்டும் மாற்றலாம். ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகளிலோ, கிராங்க்கோடு சுழலும் கிண்ணம் கசடை ஓரத்தில் படியவைக்கும்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள். ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே முறுக்குங்கள். சில நூறு ரூபாயில் ஒரு என்ஜினின் ஆயுள் நீள்கிறது.