எம் புரதமும் ஏ.என்.ஏ. பாசிட்டிவும்

ரத்தப் புரதங்களை எலக்ட்ரோஃபோரெசிஸில் பிரித்துப் பார்க்கும்போது, ஆன்டிபாடிகள் சேரும் காமா பகுதி தாழ்வான மேடுபோல் பரந்து தெரிய வேண்டும். சிலருக்கு அங்கே ஊசிமுனைபோல் ஒரு சிகரம் எழுந்து நிற்கிறது. ஒரே பிளாஸ்மா செல்லின் வாரிசுகள் சுரக்கும் ஒரே ஆன்டிபாடி அது. எம் புரதம் என்கிறார்கள். அதன் அளவு டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குள், எலும்பும் சிறுநீரகமும் பத்திரம் என்றால் அந்த நிலைக்கு எம்ஜியுஎஸ் என்று பெயர். மயோ கிளினிக்கின் ராபர்ட் கைல் 1978-இல் வைத்தது. ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்கே இது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் போன்ற நோயாக முற்றுகிறது.

எம்ஜியுஎஸ் உள்ளவர்களிடம் தன் உடலையே தாக்கும் ஆன்டிபாடிகள் அதிகம், ஆகவே தன்னுடல் தாக்குநோய்தான் எம்ஜியுஎஸ்ஸுக்கு வித்து என்ற கருத்து நெடுநாளாக உண்டு. 2011-இல் வந்த சுவீடன் ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. அத்தகைய நோய் இருந்தவர்களுக்கு எம்ஜியுஎஸ் வாய்ப்பு 2.1 மடங்கு என்றது. ஆனால் அங்கே கணக்கில் வந்தவர்கள், வேறு ஏதோ காரணத்துக்காக டாக்டரிடம் போய்ச் சோதனையில் சிக்கியவர்கள். மூட்டுவாதம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்குநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு ரத்தச் சோதனைகள் ஓயாமல் நடக்கும். தேடப்பட்ட இடத்தில்தான் எம் புரதம் அகப்படும்.

ஐஸ்லாந்தில் தேடலைச் சமமாக்கினார்கள். ஐஸ்டாப்எம்எம் திட்டத்தில் 75,422 பேருக்கும் ஒரே சோதனை. அவர்களில் 10,818 பேருக்குத் தன்னுடல் தாக்குநோய் இருந்தது. பொதுச் சோதனையில் கண்டறிந்த எம்ஜியுஎஸ்ஸை வைத்து ஒப்பிட்டால் விகிதம் 1.05, அதாவது வேறுபாடே இல்லை. ஏற்கெனவே மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எடுத்தபோது 2.11! சுவீடனின் எண் அப்படியே திரும்பி வருகிறது. என் பார்வையில் வழக்கு இங்கேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடியான ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று சோதனை அறிக்கையில் வரும் வரியை வைத்தும் வாதாட முடியாது. 1997-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ரத்தச் சீரத்தை 1:40 அளவில் நீர்த்துப் பார்த்தபோது நலமாக இருந்தவர்களிலேயே சுமார் 32 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ். 1:160-இல் 5 சதவீதம். எம்ஜியுஎஸ்ஸோ முதியவர்களிடம் அதிகம். வயது ஏற ஏற ஏ.என்.ஏ.வும் கூடவே வரும். இரண்டும் ஒரே உடலில் சந்திப்பதில் அதிசயம் இல்லை.

ஆனால் எம் புரதமே உடலைத் தாக்கும் ஆன்டிபாடியாக இருந்தால் கதை வேறு. குளிர் அக்ளுட்டினின் நோயில் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகையைச் சேர்ந்த எம் புரதம், குளிரில் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. சோதனைக்கு எடுத்த குழாயில் ரத்தம் திரிதிரியாகத் தெரியும், எந்திரம் சிவப்பணு எண்ணிக்கையைக் குறைத்தும் அவற்றின் பருமனைக் கூட்டியும் காட்டும்; 37 டிகிரிக்குச் சூடாக்கினால் திரி கலைந்துவிடும். அதேபோல் மேக் என்ற நரம்புறைப் புரதத்தைத் தாக்கும் ஐஜிஎம், பாத மரப்பையும் தள்ளாட்டத்தையும் தருகிறது. இங்கே உறவு புள்ளிவிவரத்தில் இல்லை, வேதியியலில் இருக்கிறது.

ஆக, தன்னுடல் தாக்குநோய் எம்ஜியுஎஸ்ஸை வரவழைக்கிறது என்ற பொதுவான கூற்று நிற்காது. தனித்த ஏ.என்.ஏ. முடிவைக் காட்டி முதியவரை லூபஸ் பயத்தில் ஆழ்த்துவதும், மூட்டுவாதக்காரர் எல்லோருக்கும் எம் புரதம் தேடுவதும் தவறு. ஐஜிஎம் எம் புரதம் உள்ளவருக்குக் கால் மரத்தாலோ, குளிரில் விரல் நீலம் பாய்ந்தாலோ, அப்போது மேக் ஆன்டிபாடியையும் குளிர் அக்ளுட்டினினையும் தேடியே ஆக வேண்டும்.