அந்தரா ஊசியும் நமது மௌனமும்

1986இல் நெட்-என் என்னும் கருத்தடை ஊசியை எதிர்த்து மகளிர் அமைப்புகள் உச்சநீதிமன்றத்தை நாடின. பெண்களுக்குப் போதிய விளக்கமளியாமலே சோதனைகள் நடந்தன என்பது அவர்தம் குற்றச்சாட்டு. 2017இல் நடுவண் அரசு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இடப்படும் டி.எம்.பி.ஏ. ஊசியை ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகள் வழியே இலவசமாக வழங்கத் தொடங்கியது. இவ்விரண்டிலும் எழும் வினா ஒன்றே: தீர்மானிப்பவர் யார்?

எதிர்ப்பாளரின் வாதம் வலுவுடையது. மாதவிடாய் ஒழுங்கு மாறும். எலும்பின் அடர்த்தி குறையலாம். ஊசியை நிறுத்தியபின் கருவுறப் பல மாதங்கள் ஆகலாம். உடலில் ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்கவும் இயலாது. எனினும், ஊசியை மறுப்பதே பெண்ணைக் காப்பதாகும் என்னும் முடிவு இதிலிருந்து பிறவாது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கோ ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. மீளா வழியே பொது வழியாகிவிட்ட நாட்டில், இடைவெளி தரும் வழியைப் பெண்ணுக்கு அடைப்பது நீதியாகாது.

ஆயினும், இடப்பட்ட ஊசிகளின் எண்ணிக்கை விடுதலைக்கு அளவுகோலன்று. 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், அதுவரை பெரும்பாலும் பிறரால் பேசப்பட்ட இளைய திருச்சபைகள் தாமே பேசின. அவ்வுரிமை பெண்ணுக்கும் உரியது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை திருமண ஆயத்தம் செய்விக்கும் ஆயர்கள் மருத்துவர்கள் அல்லர். “விளைவுகளை உனக்குச் சொன்னார்களா? வேண்டாமென்றால் நிறுத்த உன்னால் இயலுமா?” என்று மனைவியையும், “உன் பொறுப்பு யாது?” என்று கணவனையும் கேட்கலாமன்றோ? கேளாதிருப்பது நடுநிலையன்று.