மறைபொருளும் இல்பொருளும்

யாப்பின் வகைகளை எண்ணிய தொல்காப்பியர், பாட்டும் உரையும் நின்ற அதே வரிசையில் பிசிக்கும் ஓர் இடம் தந்தார். உவமையால் மறைத்துக் கூறுவது, பொருளின் தோற்றத்தைச் சொல்லித் துணியவைப்பது என அதற்கு இரு நெறிகளையும் வகுத்தார். விடுகதையைச் சிறுவர் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அவ்விரு நெறிகளிலும் ஒரு நிபந்தனை அடங்கிக் கிடக்கிறது: விடை மறைந்திருக்கலாம், இல்லாதிருத்தல் ஆகாது. கணிப்பொறியில் ஆடப்பெறும் புதிர் விளையாட்டுகளைப் பற்றி எழுந்த தீர்ப்புகளுள் பல பிழைபட்டமைக்கு, இவ்வளவுகோலை எவரும் கையில் எடாமையே காரணம் என நாம் கருதுகிறோம்.

1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிஸ்ட்' என்னும் விளையாட்டைக் காண்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஒரு சிறு குழுவினருடன் சேர்ந்து அமைத்தது அது. ஆள் அரவமற்ற தீவு. அதில் ஒரு நூலகம். பகைவர் இல்லை, படைக்கலம் இல்லை, காலக்கெடுவும் இல்லை. அசையாப் படங்களைச் சுட்டியால் தொட்டுத் தொட்டு நடந்து செல்வதே ஆட்டம். 60 லட்சம் படிகளுக்கு மேல் விற்று, 2002இல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை கணிப்பொறி விளையாட்டுகளுள் விற்பனையில் அதுவே முதலிடம் வகித்தது. ஆயினும், விரைவையும் வீரத்தையும் விரும்பிய ஆட்டக்காரர் பலர், இது வெறும் ஸ்லைடு காட்சி என எள்ளினர்.

எள்ளியோர் அறைகளைப் பார்த்தனரே அன்றிப் படித்தாரல்லர். கதை இது: ஏட்ரஸ் என்பான் எழுதும் நூல்கள் வேற்று உலகங்களுக்கு வாயில்களாகும். அவன் மைந்தர் சிரஸ், அகெனார் இருவரும் ஆளுக்கொரு நூலுள் சிறைப்பட்டு, உடன்பிறந்தானே குற்றவாளி எனப் பழி கூறி, விடுதலைக்குரிய ஏடுகளைத் தேடித் தருமாறு நம்மை இரக்கின்றனர். எவனை நம்புவது? அதற்குரிய சான்று அவர்தம் சொல்லில் இல்லை. 'யுகங்கள்' எனப்படும் அவ்வுலகங்களில் அவர்கள் விட்டுச் சென்ற அறைகளில் இருக்கிறது. ஒருவன் அறையில் பட்டும் பொன்னும் குவிந்து கிடக்கும். மற்றவன் அறையில் வதைக் கருவிகள். யாரும் விளக்கம் சொல்லார். மேசையையும் பேழையையும் கொண்டு மாந்தரின் இயல்பை உய்த்துணரவேண்டும். உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழ் வாசகர்க்கு இது புதிய தொழில் அன்று.

இன்னும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. ஒரு யுகத்தில் சுழலும் கோட்டை ஒன்று இருக்கிறது. அது நோக்கும் ஒவ்வொரு திசைக்கும் ஓர் ஒலி எழும். வேறொரு யுகத்தின் நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு சிறு ஊர்தியேறி வழி காணவேண்டும்; அங்கே வழி பிரியுமிடந்தோறும் அவ்வொலிகளே கேட்கும். ஒலியைத் திசையாகக் கொண்டவர் தடையின்றி வெளியேறுவர். கொள்ளாதவர் நம்மைப்போல் நெடும்பொழுது முட்டித் திரும்புவர். இங்கே நூலாசிரியர்மேல் ஒரு குறையும் கூறவேண்டும். யுகங்களை எவ்வரிசையிலும் காணலாம் என்பதால், கோட்டைக்குச் செல்லுமுன் சுரங்கத்துள் இறங்கியவனுக்கு அந்தக் குறிப்பு சென்று சேர்வதில்லை. எனினும் விடை அவ்வுலகில் உளது, அது மறைபொருளே.

1999இல் சியரா நிறுவனம் வெளியிட்ட, ஜேன் ஜென்சனின் 'கேப்ரியல் நைட்' வரிசையின் மூன்றாம் விளையாட்டோ வேறு வகை. தலைவன் தன் நண்பனின் பெயரில் வாடகை மோட்டார் சைக்கிள் பெற அவனைப்போல் வேடமிடவேண்டும். அதற்காகக் கொட்டகையின் துளையில் பசைநாடாவை ஒட்டி, பூனையை அவ்வழியே விரட்டி, சிக்கிய மயிரை மேப்பிள் பாகால் ஒட்டி மீசை செய்கிறான். நண்பனுக்கோ மீசையே இல்லை! ஆகவே அவனுடைய பாஸ்போர்ட்டிலுள்ள படத்திலும் மீசை வரைகிறான். இதனை எவ்வுவமையால் துணிவது? எத்தோற்றத்தால் அறிவது? ஆசிரியர் மனத்திலன்றி வேறெங்கும் இல்லாத விடை இது; இல்பொருள். எரிக் வோல்பா என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2000ஆம் ஆண்டில் இப்புதிரைப் படிப்படியாக விவரித்து நகையாடி, இவ்வகை விளையாட்டுகளைப் பிறர் கொல்லவில்லை, அவை தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டன என்று எழுதினார்.

அப்புதிரைப் பற்றிய மட்டில் அவர் கூற்று முற்றும் சரி. இனம் முழுமைக்கும் அதனை நீட்டியதுதான் மிகை. மறுப்பைத் தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. 2007இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'போர்ட்டல்' புதிர் விளையாட்டே. அதன் உரையாடல்களை எழுதியவருள் ஒருவர் அதே வோல்பா! ஓர் அறையில் கற்றதைக் கொண்டே அடுத்த அறையைத் திறக்கும் நேர்மை அதில் உண்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முறையாக 14 வீடியோ விளையாட்டுகளைத் தன் தொகுப்பில் சேர்த்தபோது, 'மிஸ்ட்', 'போர்ட்டல்' இரண்டும் அவற்றுள் இடம்பெற்றன.

'மிஸ்ட்' முதலில் விற்கப்பட்டபோது, பெட்டியினுள் ஒன்றும் எழுதப்பெறாத குறிப்பேடு ஒன்றையும் வைத்துத் தந்தனர். விடைநூலைத் தேடி ஓடியவர்கள் அதனை வெற்றேடாகவே விட்டிருப்பர். நாம் ஆடியபோது கையில் கொண்ட குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களை அச்சுரங்கத்தின் கோணல் வரைபடமே நிறைத்திருக்கிறது. வலம், இடம், முட்டு எனக் குறித்திருக்கிறோம், ஒலிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.