‘மனிதரல்லாதவர்’ வரும் படக்கதை: ஜப்பானிய மங்காவில் எதைப் படிப்பது?

படக்கதை என்றாலே பொடிப்பசங்க சமாச்சாரம் என்கிற நினைப்பு நம் இலக்கியவாதிகளுக்கு இன்னும் போகவில்லை. ஜப்பானில் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே மங்கா தலையணை மொத்தத்தில் வார இதழாகவும் மாத இதழாகவும் வருகிறது. சிறுவனுக்கு ஒன்று, சிறுமிக்கு ஒன்று, வளர்ந்த ஆணுக்கு ஒன்று, வளர்ந்த பெண்ணுக்கு ஒன்று என்று இதழ்களே வாசகரைப் பிரித்து வைத்திருக்கின்றன. வளர்ந்த ஆணுக்கு ‘செய்னென்’, பெண்ணுக்கு ‘ஜோசெய்’. இவை ஆங்கிலத்துக்கு வரும்போது பலவற்றின் அட்டையில் ‘முதிர்ந்த வாசகருக்கு’ என்றொரு முத்திரை விழுகிறது. முத்திரை எதைச் சொல்கிறது? ரத்தம் இருக்கு, அம்மணம் இருக்கு, அவ்வளவுதான். ஒருத்தன் கழுத்தை வெட்டினால் முத்திரை உண்டு. ஒரு கூட்டத்தையே ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தால் அதுக்கு எந்த முத்திரையும் கிடையாது.

வாசிப்பு வட்டத்துக்கு வருகிற மாணவர்கள் ‘எதை வாங்கலாம்’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆங்கிலப் பதிப்புகள் யானை விலை; ஒன்று வாங்கினால் மாசச் செலவில் துண்டு விழும். நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன். புத்தகத்தை நடுவில் விரித்து, இந்தக் கதைக்குள் பிணத்தைத் தூக்குகிறவர் யார், கழிவை அள்ளுகிறவர் யார் என்று தேடுவேன். அப்படி ஆள் இருந்தால் அந்த ஆளுக்கு முகம் வரையப்பட்டிருக்கிறதா, இல்லை முதுகு மட்டும்தானா என்று பார்ப்பேன். முத்திரையைவிட இது எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

முத்திரை எவ்வளவு பொய் என்பதற்குத் தகாமே கெங்கொரோ ஒருவரே போதும். ஆண்களுக்கு இடையிலான காமத்தை, கயிறும் சவுக்குமாக, ஒளிவு மறைவில்லாமல் வரைந்து பேர் வாங்கியவர் அவர். அவரே 2014 முதல் 2017 வரை ‘என் சகோதரனின் கணவன்’ என்ற தொடரை வரைந்தார். மனைவியைப் பிரிந்து மகளோடு வாழும் யாயிச்சியின் வீட்டுக்கு, செத்துப்போன இரட்டைச் சகோதரனின் கணவன், கனடாக்காரன் மைக், வந்து இறங்குகிறான். சின்னப்பொண்ணு கானா கேட்கிற கேள்விகள்தான் கதை. படுக்கையறையே கிடையாது. ஆனால் யாயிச்சி தன் மனசுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்று, வாயால் சொல்வது வேறொன்று. அந்த இடைவெளியைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறார். நாகரிகமான, யாரையும் அடிக்காத, நல்ல மனுஷனிடம் ஒதுக்குதல் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுத்தமாக நான் படித்ததில்லை. நம்மிடம் ‘நான் சாதி பார்க்கிறதில்லை’ என்று சொல்கிற நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக 2017, 2018இல் வந்திருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு நேராக வருகிற புத்தகம். ஷிராதோ சன்பெய் எழுதி வரைந்த ‘காமுய் தென்’, அதாவது காமுயின் கதை. இதை வெளியிடுவதற்காகவே ஷிராதோவும் பதிப்பாளர் நாகாய் கட்சுயிச்சியும் 1964இல் ‘காரோ’ என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். 1971 வரை தொடர் ஓடியது. ஷிராதோவின் அப்பா ஒகாமோத்தோ தோகி பாட்டாளி வர்க்க ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர், போருக்கு முந்தைய போலீஸ் அடக்குமுறைக்கு ஆளானவர். மகன் தெருவில் காட்டும் கதைப்படங்கள் வரைந்து பிழைப்பைத் தொடங்கி, வாடகைப் புத்தகக் கடைகளுக்கு மங்கா வரைந்தவர். அந்தக் கடைகளில் கூடியவர்களில் ஆலை வேலைக்கு வந்த இளவட்டங்கள் நிறையப் பேர். 2021 அக்டோபரில் ஷிராதோ இறந்துபோனார். அதற்கடுத்த ஓராண்டுக்குப் பிறகுதான், கனடாவின் டிரான் அண்ட் குவாட்டர்லி பதிப்பகம் வழியாக, ‘காமுய் தென்’ ஆங்கிலத்தில் தடித்தடித் தொகுதிகளாக வரத் தொடங்கியது.

இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1987இலேயே ‘காமுயின் கதை’ என்ற பேரில் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போன முதல் மங்காக்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது இந்தக் கதை இல்லை. ஷிராதோ தனியாக வரைந்த கிளைக்கதை. தப்பியோடிய நிஞ்ஜா ஒருவனின் சாகசம். வாளும் தாவலும் முதலில் கப்பல் ஏறிவிட்டன. அந்த நிஞ்ஜா எந்தத் தெருவில் பிறந்தவன், ஏன் ஓடினான் என்று சொல்கிற மூலக்கதை முப்பத்தைந்து வருசம் காத்துக் கிடந்தது. சந்தை எதை எடுக்கும், எதை விடும் என்பதற்கு இது ஒரு பாடம். பழைய புத்தகக் கடையில் அந்தப் பேரைப் பார்த்ததும் பாய்ந்துவிடாதீர்கள்.

கதை பதினேழாம் நூற்றாண்டில், ஹியோகி என்கிற கற்பனைச் சிற்றரசில் நடக்கிறது. காமுய் ‘ஹினின்’ குடியிருப்பில் பிறந்தவன். ஹினின் என்றால் அப்பட்டமாகவே ‘மனிதரல்லாதவர்’ என்று அர்த்தம். செத்த மாட்டை இழுப்பது, தண்டனை நிறைவேற்றத்தில் கைவேலை செய்வது இவர்கள் தலையில். இன்னொரு பக்கம் ஷோசுகே, உழவர் ஊரிலேயே கீழ்நிலையில் இருக்கும் பண்ணையாள். மூன்றாவதாக ரியூனோஷின், குடும்பம் அழிக்கப்பட்ட சாமுராய் மகன். இந்த மூவரும் காலூன்றி நிற்கும் மண்ணை ஷிராதோ சாவகாசமாக வரைகிறார். விதைப்பு, உரம், பருத்தி, உப்பு, ஓநாய்க் கூட்டம் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். வெள்ளையாகப் பிறந்துவிட்ட ஓநாய்க்குட்டி ஒன்று தன் கூட்டத்தாலேயே கடிபடுகிறது. அது கொஞ்சம் பச்சையான உருவகம்தான், இருந்தாலும் படத்தில் பார்க்கும்போது வலிக்கிறது.

அம்பேத்கர் படித்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் நரம்பு உடனே பிடிபடும். ஹினின்களை வைத்து உழவர்களைத் தண்டிக்கிறது அரண்மனை. உழவர்களிடம் ‘உனக்குக் கீழே ஒருத்தன் இருக்கான் பார்’ என்று காட்டுகிறது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் காறித் துப்பிக்கொண்டிருக்கும்வரை வரி ஒழுங்காக வந்து சேரும். படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதைக் கட்டங்களில் வரைந்தால் இப்படித்தான் இருக்கும். ஹியோகி அரசு பொத்திப் பாதுகாக்கும் ரகசியம் ஒன்று கதையில் உண்டு: ஆட்சியை நிறுவிய தோகுகவா இயேயாசுவே ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர் என்பது. வரலாறாக இது நிரூபணமானது இல்லை. கதையாக இது போடுகிற போடு லேசானதல்ல. ஏணியின் உச்சியில் இருப்பவனின் பிறப்பே பொய்க்கணக்கு என்றால் ஏணி எதன் மேல் நிற்கிறது?

ஷிராதோ தோலோடும் பிணத்தோடும் சம்பந்தப்பட்ட வேலைகளை ஹினின் தலையில் வைக்கிறார். எதோ காலத்தில் தோல் வேலை பெரும்பாலும் ‘எதா’ என்று இழிவாக அழைக்கப்பட்ட இன்னொரு பிரிவினருடையது. ஹினினாகத் தள்ளப்பட்டவர் சில நிலைமைகளில் ‘கால் கழுவுதல்’ என்ற ஏற்பாட்டின் மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம். எதாவுக்கு அந்தக் கதவு கிடையாது. இந்த வித்தியாசத்தைக் கரைத்ததில் கதைக்கு வேகம் கிடைத்தது, வரலாற்றுக்கு நஷ்டம். 1871 அரசாணை இந்தப் பேர்களை ஒழித்தது. ஆனால் ‘புதிய குடிமக்கள்’ என்ற பேரில் பழைய அடையாளம் ஒட்டிக்கொண்டே வந்தது. அதனால்தான் 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் சுய்ஹெய்ஷா, அதாவது சமன்செய்வோர் சங்கம், கூட வேண்டியிருந்தது.

இப்போது என் சண்டை. தலைப்பில் காமுய் இருக்கிறான். கதை நகர நகர அவன் நிஞ்ஜாவாகிக் காட்டுக்குள் மறைந்துவிடுகிறான். நடுமேடையை ஷோசுகே எடுத்துக்கொள்கிறான். கதை உழவர் கிளர்ச்சிக் கதையாக மாறுகிறது. அறுபதுகளின் ஜப்பானிய மாணவர் இயக்கம் ‘காரோ’வைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததற்கு இதுவும் காரணம், அவர்கள் அதில் வர்க்கப் போரைப் படித்தார்கள். ஒதுக்கப்பட்டவனின் பேரை அட்டையில் போட்டு, அவன் கோபத்தைக் கடன் வாங்கி, தலைமையை அடுத்த வீட்டுக்காரனிடம் கொடுப்பது நாம் பார்க்காத வித்தையா? சாதியை வர்க்கத்துக்குள் போட்டுக் கரைத்த தோழர்களோடு எத்தனை வருசமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! காமுயின் அக்கா நானாவும் ஷோசுகேயும் எல்லை மீறிச் சேர்கிறார்கள். அந்த உறவை ஷிராதோ மதிப்போடு வரைகிறார். ஆனாலும் நானா சகிக்கிறாள், காத்திருக்கிறாள். யோசிக்கிற வேலை அவளுக்குத் தரப்படவில்லை. ஒதுக்கப்பட்ட பெண் தன் வாயால் பேசுகிற பக்கங்கள் இந்த மகா காவியத்தில் குறைவு.

‘அவர் புராகு மனிதர் இல்லையே, அவர் எழுதினால் அது நம் இலக்கியமா’ என்று ஒரு தோழர் கேட்டார். நாவலில் நாகாகாமி கெஞ்சி இருக்கிறார், புராகுவில் பிறந்து 1976இல் அகுதாகவா பரிசு வாங்கியவர். அவருடைய எழுத்து உள்ளேயிருந்து கிளம்பி வருவது. ஷிராதோ வெளியேயிருந்து வருகிற நண்பர். நண்பரின் எல்லை எங்கே முடிகிறது என்று காட்டுவதற்காகவே அவரைப் படிக்கலாம் என்பது என் கட்சி. அதோடு, அவர் வரைந்த காலத்தையும் பார்க்கணும். 1975இல் ஜப்பானில் ஒரு அசிங்கம் வெளியே வந்தது. புராகு குடியிருப்புகளின் ஊர்ப்பேர்களைத் தொகுத்த ரகசியப் பட்டியலை 200க்கும் மேற்பட்ட கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியிருந்தன. வேலைக்கு வருகிறவன் எந்த ஊர் என்று பார்த்துக் கழித்துக்கட்டத்தான். பேரைச் சொல்லாமல் இருப்பது மரியாதை என்று பத்திரிகைகளும் பதிப்பகங்களும் நினைத்துக்கொண்டிருக்க, பேர்ப்பட்டியல் மேசைக்கடியில் கைமாறியிருக்கிறது. பாகுபாட்டை ஒழிப்பதற்கென்று புராகு பேரிலேயே ஒரு சட்டம் 2016இல்தான் வந்தது. 2000இல் ஐ.நா.வின் துணை ஆணையம் ‘வேலை, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு’ என்று தீர்மானம் போட்டதே, அந்த ஒரே சொற்றொடருக்குள்தான் நாமும் அவர்களும் நிற்கிறோம்.

வேலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே இன்னொரு புத்தகத்துக்குப் போகலாம். ‘இச்சி எஃப்’. 2011 மார்ச் 11 சுனாமியில் நொறுங்கிய ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2012இல் துப்புரவு, பராமரிப்பு வேலைகளுக்குப் போன ஒருவர் தாத்சுதா கசுதோ என்ற புனைபேரில் வரைந்தது. ஆங்கிலத்தில் 2017இல் ஒரே தொகுதியாக வந்தது. இதில் வில்லன் இல்லை. அடுக்கடுக்கான துணை ஒப்பந்தக்காரர்கள், ஒவ்வொரு அடுக்கிலும் கூலியிலிருந்து உதிரும் காசு, வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்துக்கிடப்பது, எந்த உடுப்புக்கு மேல் எந்த உடுப்பு. முகமூடிக்குள் மூக்கு அரிக்கிறது, சொறிய முடியாது. அதை அவர் வரைகிற விதம் பத்துக் கட்டுரைக்குச் சமம். கதிர்வீச்சு அளவு வருசக் கணக்கைத் தொட்டுவிட்டால் ஆள் வெளியே போகணும். உடம்புதான் அங்கே வருகைப்பதிவேடு. தாத்சுதா அணு உலையை எதிர்க்கிறவர் இல்லை. ‘நரகம்’ என்று எழுதின பத்திரிகைகள்மேல் அவருக்கு எரிச்சல். ஏன் இந்த வேலைக்கு இந்த ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்று அவர் மேலே போய்க் கேட்பதில்லை. ஆனால் கேட்பதற்கு வேண்டிய சாட்சியத்தை ஒன்றுவிடாமல் வைத்துவிட்டுப் போகிறார். நம் சாட்சிய எழுத்தாளர்கள் பார்க்க வேண்டிய புத்தகம் இது, கண்ணீர் இல்லாமல் எப்படிச் சொல்வது என்பதற்காக.

பேர் ஒற்றுமைக்காகச் சிலர் ‘கோல்டன் காமுய்’யையும் கேட்பார்கள். அது வேறு. காமுய் என்பது ஐனு மொழியில் தெய்வ சக்தி. நோதா சதோரு 2014 முதல் 2022 வரை வரைந்தது, 31 தொகுதிகள். ரஷ்யப் போரிலிருந்து திரும்பிய சுகிமோத்தோவும் ஐனு சிறுமி அசிர்பாவும் தங்கம் தேடிப் போகும் கதை. ரத்தம், கோணங்கித்தனம், கறிச்சோறு எல்லாம் தாராளம். அசிர்பா பாவப்பட்ட பெண் இல்லை. வேட்டை தெரிந்தவள், சுகிமோத்தோவுக்குச் சாப்பாட்டையும் காட்டையும் கற்றுக்கொடுக்கிறவள். அதுக்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் 1899இல் ‘பாதுகாப்பு’ என்ற பேரில் ஐனு மக்களை உழவராக்கி மொழியை அமுக்கிய சட்டம் 1997 வரை புத்தகத்தில் கிடந்ததே, அந்தக் கனம் இந்த ஓட்டத்துக்குள் உட்காரவில்லை. 31 தொகுதிக்கு நம்மிடம் ஏது காசு? முதல் மூன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் படித்தால் போதும்.

காசு ஒரு புத்தகத்துக்குத்தான் இருக்கிறதென்றால் ‘இச்சி எஃப்’ வாங்குங்கள், ஒரே தொகுதியில் முடிகிறது. நாலு பேர் சேர்ந்து பங்கு போட முடியுமென்றால் காமுயின் முதல் தொகுதி. வலமிருந்து இடமாகப் படிக்கணும். முதல் நூறு பக்கத்தில் யார் யார் என்று குழம்பும், ஓநாய் வேறு குறுக்கே வரும். விடாமல் போங்கள். நானாவின் பகுதிகளைப் பெண் தோழர்கள் யாராவது படித்துவிட்டுத் தனியாக எழுதினால் இந்த இதழுக்கே அனுப்பலாம். நான் சொன்னதுக்கு மாறாக இருந்தாலும் பரவாயில்லை.