துப்பாக்கி மலிவு, அடுப்புதான் செலவு

பைக்கின் சைடு ஸ்டாண்டையும் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டையும் ஸ்ப்ரே கேனால் அடித்து, அடுத்த மழைக்காலத்துக்குள் அது உரிந்து, மறுபடி அடித்து அலுத்தவர்களுக்காகவே வந்திருக்கிறது வீட்டுப் பவுடர் கோட்டிங் கன். அமெரிக்காவில் ஈஸ்ட்வுட் நிறுவனத்தின் ‘ஹாட்கோட்’ இந்த ரகத்தைப் பிரபலமாக்கியது. நம் இணையக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அதே அமைப்பில் வரும், பெயர் தெரியாத இறக்குமதிகள். நான் வைத்து வேலை பார்த்ததும் அப்படி ஒன்றுதான். டிரில்லிங் மெஷின் அளவில் ஒரு கன், பவுடர் போட இரண்டு பிளாஸ்டிக் கப், மின்சாரம் தரும் சிறு பெட்டி, எர்த் கிளிப் ஒன்று. பெட்டிக்குள் இருப்பது இவ்வளவே.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. ரெசின், கெட்டிப்படுத்தும் பொருள், நிறமி மூன்றையும் சேர்த்து அரைத்த மாவுதான் பவுடர். தின்னர் கிடையாது, அதனால் அந்த நெடியும் கிடையாது. கன்னின் மூக்கில் உள்ள ஊசி உயர் மின்னழுத்தத்தால் பவுடருக்கு மின்னேற்றம் தருகிறது. எர்த் கொடுத்த இரும்பைத் தேடிப்போய்ப் பவுடர் ஒட்டிக்கொள்கிறது. பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிப் பரவி, வேதிவினையில் இறுகிவிடுகிறது. தொழிற்சாலைக் கன்கள் 100 கிலோவோல்ட் வரை போகும். வீட்டு ரகங்கள் 15, 25 கிலோவோல்ட்டோடு நின்றுவிடும். தட்டையான பிராக்கெட்டுக்கு அது தாராளம். பள்ளமும் மூலையும் உள்ள பாகங்களில்தான் போதாமை தெரிகிறது.

கன்னைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கொடுத்த காசுக்குக் குறையில்லை. கப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒரு சாண் தூரத்தில் பிடித்து விசிறினால் பவுடர் சீராகவே வருகிறது. விபூதி பூசிய நெற்றி மாதிரி பாகம் முழுதும் மெல்லிய படலம் படிகிறது. எங்காவது திட்டாகிவிட்டால் காற்றால் ஊதிவிட்டு மறுபடி அடிக்கலாம். அடுப்பில் ஏறும் வரை எதுவும் நிரந்தரமில்லை. பெயின்ட் அடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய சுகம். ஒழுகல் என்ற பேச்சே இல்லை. ஆனால் படலம் தடித்தால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழும். 60 முதல் 80 மைக்ரான் போதும்.

குறை என்றால் எர்த் கிளிப்பைச் சொல்ல வேண்டும். பெட்டியோடு வருவது மெலிந்த சாமான். முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு, வெல்டிங் மெஷினுக்குப் போடும் கிளாம்ப் ஒன்றை மாட்டிவிடுங்கள். பாகத்தைத் தொங்கவிடும் கம்பியும் ஒவ்வொரு முறையும் பளிச்சென்ற இரும்பாக இருக்க வேண்டும். முந்தைய கோட்டிங் ஒட்டிய கொக்கி மின்சாரத்தைத் தடுத்துவிடும். பவுடர் பாகத்தில் ஒட்டாமல் தரைக்குப் போகும். அதைவிட முக்கியம் வீட்டு எர்த். பழைய வீடுகளில் மூன்று முள் சாக்கெட்டின் பெரிய ஓட்டை பெயருக்கு மட்டுமே இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்காமல் இந்த கன்னை இயக்கவே கூடாது. வேலை முடிந்து சுவிட்சை அணைத்ததும் ஊசி முனையை எர்த் கொடுத்த கம்பியில் ஒரு முறை தொட்டுவிடுங்கள், மீதமிருக்கும் மின்னேற்றம் இறங்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே வர வேண்டாம்.

காற்று விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இதற்குத் தேவை 5 முதல் 10 பிஎஸ்ஐ மட்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரின் மீட்டர் 150 வரை காட்டும். அதில் 8 பிஎஸ்ஐ எங்கே என்று கண்ணுக்கே தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கான சிறு ரெகுலேட்டரும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் தனியாக வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஃபில்டர் இல்லாமல் அடித்தால் பவுடர் கட்டி தட்டி கன் துப்பத் தொடங்கும். வெயில் காலத்தில் தகரக் கூரைக்கு அடியில் பவுடர் பாக்கெட்டை வைப்பதும் அதே அளவுக்குக் கெடுதல்.

இனி மூலைகள். உட்புற மடிப்புகளில் மின்புலம் நுழைவதில்லை, விளிம்புகளே எல்லாப் பவுடரையும் இழுத்துக்கொள்ளும். இதை ஃபாரடே கூண்டு விளைவு என்பார்கள். மின்னழுத்தத்தைக் குறைத்து, முதலில் மூலையை அடித்து, கடைசியில் வெளிப்பக்கத்துக்கு வந்தால் ஓரளவு சமாளிக்கலாம். எனக்கு இன்னும் நன்றாகக் கைகொடுத்தது, பாகத்தை லேசாகச் சூடேற்றி அடிப்பது. சூட்டில் பட்ட இடத்திலேயே பவுடர் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் செலவும் தலைவலியும் உண்மையில் அடுப்பில்தான். முதல் விதி: இதற்குப் பயன்படுத்திய அடுப்பு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவது விதி: கேஸ் அடுப்பு கூடவே கூடாது. காற்றில் மிதக்கும் நுண்பவுடர் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. ஆகவே தனியாக ஒரு மின்சார ஓடிஜி வேண்டும். கேக் சுட வாங்கி ஓரமாகக் கிடக்கும் பழையது கிடைத்தால் யோகம். 60 லிட்டர் என்று போட்டிருந்தாலும் உள்ளே கிடைக்கும் அகலம் ஏறத்தாழ ஒன்றரை அடி. சைடு ஸ்டாண்ட் போகும், செயின் கார்டு போகாது. உங்கள் பாகங்களில் எது வீட்டில் ஆகும், எது ஆகாது என்பதை முடிவு செய்வது கன் அல்ல, இந்த ஒன்றரை அடிதான். 2000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 2 யூனிட், அது பெரிய செலவில்லை. ஆனால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. கம்ப்ரஸரையும் அதே லைனில் போட்டு எம்சிபியைச் சோதிக்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் சூடு. பாக்கெட்டில் ‘200 டிகிரி, 10 நிமிடம்’ என்று போட்டிருந்தால் அது அடுப்பின் கணக்கல்ல, இரும்பின் கணக்கு. மெல்லிய தகடு சீக்கிரம் சூடாகும். தடித்த சைடு ஸ்டாண்ட் அந்தச் சூட்டை எட்டவே இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கலாம். 10 நிமிடக் கணக்கு அதன் பிறகே தொடங்குகிறது. ஓடிஜியின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் தப்பாகவே காட்டும். பாகத்தைத் தொட்டு அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும். வெள்ளை நிறம் ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் பழுப்பேறும். ஆறிய பிறகு தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணிக்கு வந்தால் வேகவில்லை என்று அர்த்தம்.

சுத்தம் செய்வதில் சலுகை கிடையாது. பட்டறைகளில் ‘7 டேங்க் பிராசஸ்’ என்று போர்டு வைத்திருப்பார்களே, எண்ணெய் நீக்கி, துரு எடுத்து, பாஸ்பேட் பூச்சு கொடுக்கும் அந்த வரிசைதான் கோட்டிங்கின் ஆயுள். வீட்டில் அந்த அளவுக்கு முடியாது. பக்கத்துப் பட்டறையில் சேண்ட் பிளாஸ்டிங் செய்து வாங்கி, வெறும் கையால் தொடாமல் அன்றே அடித்துவிடுவதுதான் நடைமுறை வழி. வார்ப்பு அலுமினியமாக இருந்தால் முதலில் வெறுமனே ஒரு முறை அடுப்பில் காய்ச்சுங்கள், துளைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெயும் காற்றும் வெளியேறும். இல்லையென்றால் கோட்டிங்கில் கொப்புளம் வரும். டிங்கரிங் பட்டி இந்தச் சூட்டைத் தாங்காது.

பவுடர் வாங்கும்போது வெயிலில் நிற்கும் பாகத்துக்கு பாலியெஸ்டர் கேளுங்கள். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பாக வெளுக்கும். டிஜிஐசி என்ற கெட்டிப்படுத்தும் பொருள் இல்லாத ரகம் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்தப் பொருள் மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. எந்த ரகமானாலும் அடிக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

அடுப்பில் வைக்கவே கூடாதவை சில உண்டு. பெட்ரோல் டேங்க் முதலிடம்: மிச்ச ஆவி வெடிக்கும், ஈயப் பற்று வைத்திருந்தால் அது 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஷாக் அப்சார்பரும், எண்ணெயோ வாயுவோ அடைத்து சீல் வைத்த எதுவும் அதே கணக்கு. அலாய் வீல் ஓடிஜிக்குள் போகாது என்பது ஒருவகையில் நல்லதே. பதப்படுத்திய அலுமினியம், சூடு கட்டுக்கு மீறினால் பலம் குறையும்.

யார் வாங்கலாம்? கருப்பும் சாம்பலும் மட்டும் போதும், மொத்தம் நாலைந்து பாகம்தான் என்றால் வாங்காதீர்கள். சென்னை அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ பட்டறைக்காரரிடம் கொடுத்தால் உங்களைவிட நன்றாகவே செய்து தருவார். பழைய வண்டிகளைத் தொடர்ந்து புதுப்பிப்பவர், ஒரே ஒரு சிவப்புப் பாகத்துக்காகப் பட்டறையில் சிவப்பு முறை வரும் வரை காத்திருக்க முடியாதவர், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான தனி இடம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அவர்களும் முதலில் அடுப்பைத் தேடி, அதன் உள்ளளவை டேப்பால் அளந்துவிட்டு, அப்புறம் கன்னை ஆர்டர் செய்யட்டும்.